இறங்கித் தள்ளாத வண்டி

(எங்கள் பகுதி இளைஞர்கள் நடத்தும் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



'சொந்த அனுபவம் எதையாவது பேசுங்க சார்' என்று கூப்பிட்டார்கள். எனக்குத் தெரிந்த இலக்கியம் கொஞ்சம். அரசியல் அதைவிடக் கொஞ்சம். ஆனால் முப்பது வருஷமாக ஒரு காரியத்தை விடாமல் செய்துகொண்டு வருகிறேன். என் மோட்டார் சைக்கிள் என்ஜினை என் வீட்டுத் திண்ணையில் நானே பிரித்து நானே மாட்டுகிறேன். அதைப் பற்றித்தான் பேசப்போகிறேன். 'இதுக்கா கூட்டம் போட்டாங்க?' என்று யாராவது எழுந்து போவதானால் இப்பவே போகலாம், கோவிச்சுக்க மாட்டேன்.

மேசைமேல் துணியில் சுற்றி ஒரு சாமான் வைத்திருக்கிறேன். அது என்னவென்று பிறகு சொல்கிறேன்.

எங்க சேரிக்கு ஒரே வழிதான். மெயின் ரோட்டிலிருந்து இறங்கினால் ஊர்த்தெரு. தேர்முட்டி, டீக்கடை, பால் சொசைட்டி, அதைத் தாண்டி ஓடை, ஓடையைத் தாண்டி நாங்கள். எங்க நைனா காலத்தில் சைக்கிள் வைத்திருந்தவர்கள் தேர்முட்டி வந்ததும் இறங்கிவிடுவார்கள். ஓடை வரைக்கும் தள்ளிக்கொண்டு வந்து அப்புறம் ஏறுவார்கள். யாரும் பலகை எழுதி வைக்கவில்லை. யாரும் தினம் நின்று மிரட்டவுமில்லை. கால் தானாக இறங்கும். பலகையைப் பிடுங்கி எறியலாம், காலுக்குள்ளே போய்விட்டதை என்ன செய்வது?

1991-இல் எனக்கு ஆசிரியர் வேலை கிடைத்தது. பள்ளிக்கூடம் 14 கிலோமீட்டர். பஸ் காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று. 1993-இல் கடன் வாங்கி 9,500 ரூபாய்க்கு ஒரு பழைய புல்லட் வாங்கினேன். 1976 மாடல், 350 சிசி. 'ஏண்டா, சின்னதா ஒரு மொபெட் வாங்கினா ஆகாதா?' என்றார் நைனா. ஆகும். ஆனால் அந்தச் சத்தம் மொபெட்டுக்கு வராதே. நாலு தெருவுக்கு முன்னாலேயே நான் வருகிறேன் என்று அது சொல்லிவிடும். உண்மையை மறைக்காமல் சொல்கிறேன், சத்தத்துக்காகத்தான் வாங்கினேன்.

நைனா கேட்டது ஒரே கேள்வி: 'வாங்கினது சரி. தேர்முட்டியாண்ட இன்னா பண்ணுவ?'

'ஓட்டுவேன்' என்றேன்.

ஓட்டினேன். முதல் நாள் டீக்கடை பெஞ்சில் பேச்சு நின்றது. இரண்டாம் நாளும் நின்றது. ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. அரசாங்க உத்தியோகம், கையில் சம்பளம், காலம் மாறிப்போச்சு என்று நினைத்துக்கொண்டேன்.

மூன்றாவது வாரம், சாயங்காலம் அஞ்சரை மணி. டீக்கடைக்கு நேர் எதிரில் வண்டி நின்றுபோனது. உதைத்தேன். நாற்பது உதை இருக்கும். சட்டை நனைந்து முதுகில் ஒட்டிக்கொண்டது. கணுக்காலில் கிக்கர் திருப்பி அடித்தது. பெஞ்சில் பத்துப் பேர். ஒரு பெரியவர், கோபமே இல்லாமல், அன்பாகச் சொல்கிற மாதிரி சொன்னார்: 'இன்னாத்துக்குப்பா கஷ்டப்படற? இறங்கித் தள்ளிக்கினு போறது உங்களுக்குப் பழக்கந்தானே.'

சிரிப்பு எழுந்தது. தள்ளினேன். ஓடை வரைக்கும் நானூறு மீட்டர். 160 கிலோவுக்குக் குறையாத இரும்பு. அந்த நானூறு மீட்டரில்தான் முடிவு செய்தேன், இந்த வண்டி இனி எனக்குத் தெரியாத காரணத்தால் இந்தத் தெருவில் நிற்கக் கூடாது. நிற்கலாம், மெஷின் என்றால் நிற்கத்தான் செய்யும். ஏன் நின்றது என்று எனக்குத் தெரியாமல் நிற்கக் கூடாது.

டவுனில் ஒரு மெக்கானிக்கிடம் விட்டேன். நாலு நாள் வைத்திருந்தார். 'போர் போயிடுச்சு சார்' என்றார். போர் அடித்து, பிஸ்டன், ரிங் எல்லாம் புதுசு போட்டு 1,800 ரூபாய் வாங்கினார். பத்து நாளில் வண்டி மறுபடியும் நின்றது. இந்தத் தடவை நல்லவேளை, புளியமரத்தடியில்.

எங்க பெரியப்பா ஒருவர் கோலார் தங்கவயலில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்று ஊருக்கு வந்திருந்தார். வடஆற்காட்டுச் சேரிகளிலிருந்து தங்கவயலுக்குப் போகாத குடும்பம் குறைவு. அந்தச் சுரங்கம் 2001 பிப்ரவரியில் மூடப்பட்டது. பூமிக்குக் கீழே மூன்று கிலோமீட்டர் ஆழம் போன சுரங்கம் அது. அந்த ஆழத்துக்கு ஆளையும் பாறையையும் ஏற்றி இறக்கிய இயந்திரங்களைப் பராமரித்த கை பெரியப்பாவுடையது. அவருக்கு என் புல்லட் ஒரு பொம்மை.

வந்தார். வண்டியைத் தொடவில்லை. பீடியைப் பற்றவைத்துக்கொண்டு தள்ளி உட்கார்ந்து கேட்டார்.

'எப்ப நிக்குது? கிளம்பினவொடனேயா, கொஞ்ச தூரம் போயா?'

'அரை மணி ஓட்டின பிறகு.'

'நின்னா உடனே கிளம்புதா?'

'இல்ல. ஆறினாத்தான் கிளம்புது.'

'சூட்டுல சாவுது, ஆறினா பொழைக்குது. அப்ப போர் இன்னாத்துக்குடா அடிச்ச?'

எனக்கு வாய் அடைத்துப்போச்சு. இந்த மூன்று கேள்வியை 1,800 ரூபாய் கொடுப்பதற்கு முன்னால் நானே கேட்டிருக்கலாம். அந்த மெக்கானிக் ஏமாற்றினார் என்றுகூடச் சொல்ல மாட்டேன். அவர் ஊகித்தார். ஊகத்துக்குக் காசு நான் கொடுத்தேன்.

பெட்ரோல் என்ஜின் ஓட மூன்று சமாசாரம் வேண்டும்: சரியான அளவில் பெட்ரோலும் காற்றும், சரியான நேரத்தில் பொறி, உள்ளே போதுமான அழுத்தம். நின்ற வண்டியில் இந்த மூன்றில் ஒன்று இல்லை. எது இல்லை என்று கண்டுபிடிக்கிற வரைக்கும் ஸ்பேனரை எடுக்காதே என்றார் பெரியப்பா. வண்டியைச் சூடாக்கி, நிற்கிற வரைக்கும் ஓட்டிவிட்டு, அந்தச் சூட்டோடு பிளக்கைக் கழற்றி ஹெட்டில் படும்படி வைத்து கிக்கரை மிதிக்கச் சொன்னார். பொறி நீலமாக டப்பென்று அடிக்க வேண்டும். வந்தது மஞ்சளாக, நூல் மாதிரி, அதுவும் விட்டுவிட்டு. பிளாக்குக்குப் பின்னால் இருக்கிற வட்டக் கிண்ணத்தைத் திறந்தார். பாயின்ட் கருகிப்போய் இருந்தது. கண்டென்சர் போயிருக்கிறது, சூடானதும் கைவிட்டுவிடுகிறது. புது கண்டென்சர் 25 ரூபாய். பாயின்டை உப்புக்காகிதம் போட்டுத் தேய்த்து, இடைவெளியை ஃபீலர் கேஜில் 0.35 மில்லிமீட்டருக்கும் 0.40-க்கும் நடுவில் வைத்தோம். அதோடு அந்த நோய் தீர்ந்தது.

1,800-க்கும் 25-க்கும் உள்ள வித்தியாசந்தான் நான் படித்த முதல் பாடம். பிரிக்கிறது பெரிய வித்தையில்லை, கேட்கிறதுதான் வித்தை. பள்ளிக்கூடத்தில் நாங்கள் பிள்ளைகளுக்குப் பதில் சொல்லத்தான் கற்றுக்கொடுக்கிறோம். கேட்கக் கற்றுக்கொடுப்பதில்லை. நானும் அப்படிப்பட்ட வாத்தியார்தான்.

1994 கோடை லீவில் முதன்முறையாக என்ஜின் மேல்பாகத்தைப் பிரித்தேன். கிக்கரில் பலமே இல்லை, காலை வைத்தால் தொபுக்கென்று இறங்குகிறது. இதற்கும் ஒரு கேள்வி இருக்கிறது. பிளக் ஓட்டையில் இரண்டு ஸ்பூன் என்ஜின் ஆயிலை ஊற்றிவிட்டு மறுபடி மிதி. அழுத்தம் கூடினால் ரிங் பக்கம் கசிவு, ஏனென்றால் ஊற்றின ஆயில் ரிங்கைச் சுற்றி அடைத்துக்கொள்ளும். கூடவில்லையென்றால் வால்வு. எனக்குக் கூடவில்லை. போர் அடித்தவர் வால்வைப் பார்க்காமலே மூடியிருக்கிறார்.

எங்கள் வீட்டில் அப்போது திண்ணையும் ஒரு அறையும்தான். கோணிச்சாக்கு விரித்தேன். அலுமினியக் குண்டானில் மண்ணெண்ணெய். ஒரு பழைய காலண்டர் அட்டையில் என்ஜின் மாதிரி படம் போட்டு, எந்த போல்ட் எங்கிருந்து வந்ததோ அந்த இடத்தில் ஓட்டை போட்டுச் செருகி வைத்தேன். கொட்டாங்குச்சியில் சின்ன சாமான்கள். ஒரு நோட்டில் கழற்றின வரிசையை எழுதினேன். மாட்டும்போது அந்த நோட்டைக் கடைசியிலிருந்து படிக்க வேண்டும். மூளையை நம்பாதே, அது தனக்குச் சாதகமாகத்தான் ஞாபகம் வைத்துக்கொள்ளும்.

வால்வு ஸ்பிரிங்கை அழுத்துகிற கருவியை லேத் பட்டறையில் பழைய இரும்பில் செய்து வாங்கினேன். வால்வையும் அது உட்காரும் சீட்டையும் கிரைண்டிங் பேஸ்ட் தடவி, ரப்பர் கப் வைத்த குச்சியால் இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் மோர் கடைகிற மாதிரி உருட்டித் தேய்க்க வேண்டும். முதலில் நற நற என்று சத்தம் வரும். தேயத் தேயச் சத்தம் மெலிந்து வழுவழு என்று ஆகும். காது சொல்லும் போதும் என்று. துடைத்துப் பார்த்தால் சுற்றிலும் விட்டுப்போகாமல் சாம்பல் நிறத்தில் ஒரே வளையம் தெரிய வேண்டும். அப்புறம் வால்வைப் பூட்டி, போர்ட் வழியாக மண்ணெண்ணெய் ஊற்றிப் பத்து நிமிஷம் விட வேண்டும். ஒரு சொட்டு கசிந்தாலும் மறுபடி கடைய வேண்டியதுதான். எனக்கு மூன்று தடவை கசிந்தது. எங்க அம்மா பார்த்துவிட்டு, 'மோரு கடையறதுன்னா என்னைக் கூப்பிட்டிருக்கலாமேடா' என்று சொல்லிக் குச்சியை வாங்கினார். நாலாவது தடவை கசியவில்லை. அது அம்மாவின் கை.

ஹெட் நட்டுகளைச் சுற்று வரிசையில் இறுக்கக் கூடாது, குறுக்காக, எதிரும் புதிருமாக, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்க வேண்டும். ஒரே பக்கம் இறுக்கினால் ஹெட் சாயும், கேஸ்கெட் கசியும். பிளாக்கைக் கழற்றினால் கீழே திறந்திருக்கும் வாயில் முதலில் சுத்தமான துணியை அடைக்க வேண்டும். பிஸ்டன் பின்னில் இருக்கிற சர்க்லிப் தெறித்து உள்ளே விழுந்தால் மொத்த என்ஜினையும் பிரிக்க வேண்டிவரும். டேப்பெட்டை என்ஜின் ஆறிக்கிடக்கும்போதுதான் வைக்க வேண்டும். பிஸ்டன் மேலே, இரண்டு வால்வும் மூடியிருக்கிற நிலை. புஷ் ராடு இரண்டு விரலால் உருட்டினால் சுழல வேண்டும், மேலும் கீழும் ஆடக் கூடாது. இதையெல்லாம் புத்தகத்தில் படிக்கலாம். ஆனால் 'சுழலணும், ஆடக் கூடாது' என்பதன் அளவு விரல் நுனியில்தான் இருக்கிறது. பெரியப்பா என் விரலைப் பிடித்து அந்த ராடில் வைத்துக் காட்டினார்.

மாட்டி முடித்தபோது ஒரு வாஷர் மிச்சம். ராத்திரி ஒன்பது மணி. 'ஒரு வாஷர்தானே' என்றேன். பெரியப்பா பேசாமல் எழுந்து போய்விட்டார். விடிய விடியப் பிரித்து, அது எங்கே போக வேண்டியதென்று கண்டுபிடித்து மாட்டினேன். காலையில் ஆம்மீட்டர் முள்ளை நடுவுக்குக் கொண்டுவந்து, டிகம்ப்ரஸரைப் பிடித்து, ஒரே உதை. அந்தச் சத்தம் கேட்டு ஓடையில் துணி துவைத்துக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள்.

இதுவரைக்கும் கேட்டால் நான் ஏதோ சாதித்தவன் மாதிரி இருக்கும். இனிமேல்தான் நான் சொல்ல வேண்டியது.

1995 மார்ச். டைமிங் கவரில் ஆயில் கசிந்தது. கேஸ்கெட் மாற்ற வேண்டிய சின்ன வேலை. பெரியப்பா வெளியூர் போயிருந்தார். அவர் எதற்கு, நமக்குத்தான் எல்லாம் தெரியுமே. ராத்திரி அரிக்கேன் வெளிச்சத்தில், நோட்டில்லாமல், அட்டையில்லாமல் ஒன்றரை மணி நேரத்தில் முடித்தேன்.

புல்லட்டில் ஆயில் ஓடுகிற விதத்தைச் சொன்னால்தான் நான் செய்தது புரியும். இரண்டு பம்பு இருக்கிறது. ஒன்று ஆயிலை கிராங்க் வழியாக பிக் எண்டுக்கு, அதாவது பிஸ்டனின் மொத்த அடியையும் வாங்குகிற இடத்துக்கு அனுப்புகிறது. இன்னொன்று கீழே வடிந்த ஆயிலைத் திரும்ப எடுத்து மேலே ராக்கருக்கு அனுப்புகிறது. முதல் பம்பின் ஆயில் டைமிங் கவரிலிருந்து கிராங்குக்குள் போகிற இடத்தில் ஒரு சின்ன சீல் உண்டு. கட்டைவிரல் நகம் அளவு. அது இல்லையென்றால் ஆயில் கிராங்குக்குள் போகாமல் பக்கத்திலேயே கொட்டிவிடும். பழைய கவரோடு ஒட்டிக்கொண்டு வந்த அந்த சீலை நான் பார்க்கவில்லை. போடவில்லை.

மாட்டினதும் சோதித்தேன். ராக்கர் குழாயைத் தளர்த்திப் பார்த்தேன், ஆயில் ஜோராக வருகிறது. திருப்தியாகத் தூங்கினேன். மேலே வருகிறதா என்றுதான் பார்த்தேன். கீழே போகிறதா என்று பார்க்கவில்லை.

மூன்று நாள் பள்ளிக்கூடத்துக்கு ஓட்டினேன். இரண்டாம் நாளே லேசாக டக் டக் என்று ஒரு தட்டல். கேட்டது. கேட்காத மாதிரி இருந்தேன். நாம் செய்த வேலையில் குற்றம் இருக்காது என்று மனசு காதை மூடியது.

நாலாம் நாள் காலை. எங்கள் தெருவில் ஒரு பெண்பிள்ளை பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுதுகிறாள். அவள் அப்பா தோல் ஷாப்பில் வேலை. பரீட்சை டவுனில், 22 கிலோமீட்டர். காலை பஸ் வரவில்லை. 'சார், உங்க வண்டியில விட்டுடறீங்களா?' ஏறு என்றேன். ஊர்த்தெரு வழியாக, நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டு போனோம். பன்னிரண்டாவது கிலோமீட்டரில் டக் டக் என்பது தட தட ஆகி, ஒரு முனகலோடு பின்சக்கரம் இறுகியது. கிளட்சைப் பிடித்ததால் விழவில்லை. வெயில், பொட்டல், ஒரு வண்டி இல்லை. அந்தப் பிள்ளை அழவில்லை. கையில் அட்டையையும் பேனாவையும் வைத்துக்கொண்டு ரோட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஒரு பால் வேன் வந்தது. கேன்களுக்கு நடுவில் ஏறிப் போனாள். இருபது நிமிஷம் தாமதம். உள்ளே விட்டார்கள். பாஸ் பண்ணினாள். ஆனால் அந்தக் கணக்குப் பரீட்சையில் கடைசி இரண்டு கேள்விக்கு நேரமில்லாமல் போனது.

அவள் அப்பா வந்து கேட்டார். 'பழைய வண்டிங்க, பம்பு போயிடுச்சு' என்றேன். அது பொய் என்று அப்போது எனக்கே தெரியாது. ஆனால் தெரிந்துகொள்ளவும் நான் விரும்பவில்லை. பெரியப்பா திரும்பி வந்து, நான் குப்பையில் போட்டிருந்த பழைய கேஸ்கெட்டைக் கேட்டார். கிளறி எடுத்தார். அதில் ஒட்டிக்கொண்டிருந்த சீலைச் சுண்டுவிரலில் மாட்டி என் முகத்துக்கு நேராக நீட்டினார். திட்டவில்லை. 'மேல இருக்கறவனுக்கு எண்ண போய்ச் சேந்துச்சு. சுமக்கறவனுக்குப் போவல. அவன் எவ்ளோ நாளு தாங்குவான்?' என்றார்.

தோழர்களே, துணியைப் பிரிக்கிறேன். இதுதான் அந்த பிக் எண்டில் இருந்த புஷ். இரும்பு வளையம், மேலே வெள்ளை உலோகப் பூச்சு. பூச்சு எங்கே? உருகி, வழிந்து, கருகிவிட்டது. கீறல்களைப் பாருங்கள். நான் காதை மூடிக்கொண்ட மூன்று நாளின் கணக்கு இதில் எழுதியிருக்கிறது.

அந்த வேலையை வீட்டில் செய்ய முடியாது. கிராங்கை பிரஸ்ஸில் வைத்துப் பிரித்து, புது புஷ் போட்டு, டயல் கேஜ் வைத்து நேர் பார்க்க வேண்டும். வேலூரில் செய்தது, 2,300 ரூபாய். எது நம் கையில் முடியும், எது முடியாது என்று தெரிவதும் இந்த வேலையில் ஒரு பாதி. அங்கே கொடுக்கக் கிராங்கை வெளியே எடுக்கும்போது இன்னொன்றும் பார்த்தேன். பம்பை ஓட்டுகிற வார்ம் நட் இடமரை. எல்லா நட்டும் திறக்கிற பக்கம் இது இறுகும். முரட்டுத்தனமாக மல்லுக்கட்டிவிட்டு 'துரு பிடிச்சிருக்கு' என்று சுத்தியலை எடுத்தேன். 'திறக்கலேன்னா பலம் பத்தலேன்னு அர்த்தமில்ல. திசை தப்பான்னு பாரு' என்றார் பெரியப்பா.

அந்த வாரமே பிள்ளையின் அப்பா வீட்டுக்குப் போனேன். 'பம்பு போகலைங்க, நான்தான் ஒரு சாமானைப் போட மறந்துட்டேன்' என்றேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, 'வாத்தியாரு இதச் சொல்றதுக்கு வந்தீங்களா' என்று சொல்லிவிட்டு டீ போடச் சொன்னார். என் முப்பது வருஷ வாத்தியார் வேலையில் அந்த வீட்டு வாசலில் நின்ற மாதிரி நான் எங்கும் நின்றதில்லை. தப்பு செய்தவன் மேலே இருந்தால் பழியைக் கீழே தள்ளுவது இந்தச் சமூகத்தின் வழக்கம். பம்பு வாய் பேசாது, அதன்மேல் தள்ளினேன். நாம் அந்த வழக்கத்தை எதிர்க்கிறவர்கள் என்றால், நம் தப்பை நம் வாயாலே சொல்லப் பழக வேண்டாமா?

அதற்குப் பிறகு என் திண்ணையில் ஞாயிற்றுக்கிழமைகளில் பையன்கள் கூடினார்கள். ஆளுக்குப் பத்து ரூபாய் போட்டு ஒரு செட் ஸ்பேனர் வாங்கினோம். ஊர்த்தெருவிலிருந்தும் வண்டிகள் வர ஆரம்பித்தன. ஓடைக்கு அந்தப் பக்கமே நிறுத்திவிட்டு 'பசங்கள அனுப்புப்பா, உருட்டிக்கினு போவட்டும்' என்று சொல்லி அனுப்பினார்கள். அனுப்பவில்லை. 'வண்டி ஓட்றவர்தான் அதுக்கு இன்னான்னு சொல்லணும், வரச் சொல்லு' என்றேன். சாதி கவுரவத்துக்காகச் சொன்னதில்லை. கேள்வி கேட்காமல் நான் வண்டியைத் தொடுவதில்லை, வண்டிக்காரர் இல்லாமல் கேள்வி எப்படிக் கேட்பது? சிலர் வந்தார்கள். சிலர் டவுனுக்கே போனார்கள். வந்தவர்களில் ஒருவர் பாராட்டாகச் சொன்னார்: 'உங்க ஆளுங்களுக்கு இந்த மாதிரி வேலையெல்லாம் கைவந்தது.' எனக்கு அந்தப் பாராட்டு கசந்தது. கைவந்தது என்றால் பிறப்பிலேயே வந்தது என்று அர்த்தம். மூன்று தடவை வால்வு கசிந்ததும், ஒரு பிள்ளையை நடுரோட்டில் நிறுத்தினதும் அந்தப் பாராட்டில் இல்லை. சாதி வெறும் வேலைப் பிரிவினையல்ல, வேலை செய்கிறவர்களையே பிரித்து அடுக்கி வைப்பது என்று 1936-இல் 'சாதி ஒழிப்பு' உரையில் அம்பேத்கர் விளக்கினார். கையில் கிரீஸ் பட்டவனுக்குப் புத்தகம் எதற்கு, புத்தகம் படித்தவனுக்குக் கிரீஸ் எதற்கு என்கிற எண்ணம் அந்த அடுக்கின் குழந்தைதான். நம் பிள்ளைகள் எல்லோரும் மெக்கானிக் கடைக்குப் போக வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஐடிஐக்கும் போகட்டும், இன்ஜினியரிங் காலேஜுக்கும் போகட்டும். எங்கே போனாலும் கையும் தலையும் ஒரே ஆளுக்குச் சொந்தமாக இருக்கட்டும்.

இன்னொரு தப்பையும் சொல்லிவிடுகிறேன். ஏழெட்டு வருஷம் அந்தத் திண்ணையில் பையன்கள்தான் உட்கார்ந்தார்கள். டீ கொண்டுவந்து வைத்தது என் மனைவி. ஒரு நாள் டீயை வைத்துவிட்டுக் கேட்டார்: 'வால்வு கசியாம கடைஞ்சது உங்கம்மா. நடுரோட்டுல நின்னது ஒரு பொண்ணு. இங்க உக்காந்திருக்கறது மட்டும் ஏன் பசங்களாவே இருக்கு?' பதில் இல்லை. அடுத்த வாரத்திலிருந்து டீயை அவரவர் போட்டுக்கொண்டோம், மூன்று பெண்பிள்ளைகள் வந்து உட்கார்ந்தார்கள். காது அவர்களுக்குத்தான் கூர்மை. தட்டலை முதலில் கேட்பது அவர்கள்தான்.

'இதெல்லாம் பழைய கதை சார், இப்ப வண்டியெல்லாம் கம்ப்யூட்டராச்சே' என்று தம்பிகள் கேட்பார்கள். வாஸ்தவம். 1955-இல் இந்தியாவில் தொடங்கி நம்ம திருவொற்றியூரில் செய்துவந்த அந்த இரும்பு பிளாக் புல்லட் என்ஜினை இப்போது செய்வதில்லை. 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 விதி வந்தபிறகு புது வண்டிகளில் கார்புரேட்டர் போய் ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன் வந்துவிட்டது. பாயின்ட், கண்டென்சர் எப்போதோ போய்விட்டது. எல்லாவற்றையும் திண்ணையில் பிரிக்க முடியாதுதான். ஆனாலும் ஆயில் மாற்றலாம், ஏர் ஃபில்டர் பார்க்கலாம், செயின் சரி செய்யலாம், பிளக்கைக் கழற்றி நிறம் பார்க்கலாம். பிஸ்கட் நிறமாக இருந்தால் நல்லது. கரி பிடித்திருந்தால் பெட்ரோல் அதிகம், ஈரமாக ஆயில் படிந்திருந்தால் ஆயில் உள்ளே ஏறுகிறது, வெளுத்திருந்தால் சூடு அதிகம். கம்பெனி கொடுக்கிற கையேட்டைப் படிக்கலாம், பெரும்பாலானவர்கள் அதன் கவரைக்கூடப் பிரிப்பதில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, சர்வீஸ் சென்டரில் நீட்டுகிற பில்லைப் பார்த்து 'இது எதுக்கு மாத்தினீங்க, பழைய சாமானைக் காட்டுங்க' என்று கேட்கலாம். பெரியப்பாவின் மூன்று கேள்விக்குக் கம்ப்யூட்டர் வந்தும் வயசாகவில்லை.

சில எச்சரிக்கைகள். மூடின அறையில் வண்டியை ஓடவிடாதீர்கள், புகையில் உள்ள விஷவாயுவுக்கு வாசனை கிடையாது, ஆளைத் தூங்கவைத்தே கொன்றுவிடும். பெட்ரோலும் மண்ணெண்ணெயும் இருக்கிற இடத்தில் பீடி வேண்டாம். பெரியப்பா தள்ளி உட்கார்ந்து குடித்ததாகச் சொன்னேனே, அதைக் கவனித்திருப்பீர்கள். பழைய ஆயிலை மண்ணில், ஓடையில் ஊற்றாதீர்கள். டப்பாவில் பிடித்து, பழைய ஆயில் எடுக்கிறவர்களிடம் கொடுங்கள். அந்த ஓடைக்குக் கீழேதான் நம் குழாய்க் கிணறு இருக்கிறது.

அந்த டீக்கடைக்கு எதிரில் என் வண்டி மறுபடியும் நின்றதா என்று கேட்பீர்கள். நின்றது. 1997-இல் ஒரு தடவை. இறங்கினேன். பெஞ்சில் பேச்சு நின்றது. சீட்டுக்கு அடியிலிருந்து ஸ்பேனரை எடுத்து, பிளக்கைக் கழற்றி, துடைத்து, இடைவெளியைப் பார்த்து, மாட்டினேன். ஆறு நிமிஷம். ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. நானும் ஒன்றும் சொல்லவில்லை. ஏறி ஓட்டிக்கொண்டு வந்தேன். அவ்வளவுதான். அதனால் சாதி போய்விட்டது என்று நான் சொல்ல வரவில்லை. அந்த நானூறு மீட்டரை அன்றைக்கு நான் தள்ளவில்லை, அவ்வளவுதான்.

இந்த வளையத்தைச் சுற்றுக்கு விடுகிறேன். கைக்குக் கை மாற்றித் தொட்டுப் பாருங்கள். அந்தக் கீறலில் விரலை வைத்துப் பாருங்கள். கடைசி வரிசைக்குப் போனதும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை திண்ணையில் எனக்கு அது வேண்டும். வருகிறவர்கள் பழைய சட்டை போட்டுக்கொண்டு வாருங்கள்.